ஊமைப் பொட்டி

இல்லண்ணே, மேல வைக்க வேணாம், மடியிலயே இருக்கட்டும். உங்க முட்டியில இடிக்குதா? இந்தா, இப்பிடிச் சாய்ச்சுக்கிறேன். இப்பச் சரியா? நல்லாச் சாஞ்சு உக்காருங்க. மதுரை போறவரைக்கும் நமக்கு என்ன அவசரம்.

நீங்க வாய்விட்டுக் கேக்கலைன்னாலும் உங்க கண்ணு பைமேலதான் இருக்கு. தேனி பஸ் ஸ்டாண்டுல ஏறுனதுலருந்து எல்லாரும் இப்பிடித்தான் பாக்குறாங்க. கண்டக்டர், துணி தேய்க்கிற பலகையான்னு கேக்குறாரு. ஒரு இன்னிசைக் குழு நடத்துற ஆளைப் பாத்துக் கேக்குற கேள்வியா அது? சுருளிவேல்னா தேனி, சின்னமனூர், கம்பம் பக்கமெல்லாம் தெரியும். கீபோர்டு சுருளின்னு சொன்னா இன்னும் நல்லாத் தெரியும். வைகைச் சாரல் இன்னிசைக் குழு, கேள்விப்பட்டதில்லையா? சரி விடுங்க. நீங்க திருவிழாவுக்கெல்லாம் போறதில்ல போல.

இது மிடி கன்ட்ரோலர்ண்ணே. பாக்க கீபோர்டு மாதிரியேதான் இருக்கும். கறுப்பு வெள்ளைக் கட்டை, திருகு, பட்டன் எல்லாம் இருக்கும். ஆனா சத்தம் வராது. இல்லல்ல, ரிப்பேர் ஆனதால இல்ல. வாங்கும்போதே சத்தம் வராது.

நீங்க சிரிக்கிற மாதிரிதான் எம் பொஞ்சாதி பாண்டிமீனாவும் சிரிச்சா. "சத்தம் வர்ற கீபோர்டைக் கடையில குடுத்துட்டு, சத்தம் வராத கீபோர்டை வாங்கிட்டு வந்த மொத ஆளு நீங்கதான்"னா. வெவரம் தெரியணும்ல. இப்ப டிவி ரிமோட்டை அமுக்குறோம், ரிமோட்டா பாடுது? டிவிதான பாடுது? அந்த மாதிரிதான். இதுலருந்து ஒரு கேபிள் போகும். உருண்டை மூஞ்சி, உள்ள அஞ்சு குச்சி. அதைக் கொண்டுபோயி இன்னொரு கீபோர்டுல சொருகிட்டா, நான் இங்க தொட்டா அது அங்க பாடும். அங்கருந்து இன்னொரு கேபிளை இழுத்து ரிதம் பொட்டியில சொருகுனா அதுவும் நம்ம பேச்சைக் கேக்கும். ஒவ்வொரு பொட்டிக்கும் ஒரு சேனல் நம்பர் குடுத்துரணும். ஒண்ணாம் நம்பருக்கு அனுப்புனா ஒண்ணாவது மட்டும் பாடும், ரெண்டுக்கு அனுப்புனா ரெண்டாவது பாடும். தபால்காரர் கதவு நம்பர் பாத்துக் குடுத்துட்டுப் போற மாதிரி. நான் ஒருத்தன் நடுவுல நின்னு விரலை அசைச்சா மேடை மொத்தமும் அசையும். அதுக்காகத்தான் வாங்குனேன். பெருமைக்காக இல்ல. பெருமை நமக்குப் பிடிக்கவே பிடிக்காது.

வம்பு எங்க ஆரம்பிச்சுச்சுன்னா, அந்தப் பாடுற கீபோர்டு இருக்கே, அது நம்மளோடது இல்ல. எம் மச்சினனோடது. காசிமாயன்னு பேரு, பாண்டிமீனா கூடப்பொறந்த தம்பி, உசிலம்பட்டியில வீடு. பழைய காலத்துக் கீபோர்டு, ஒத்தை ஆளு தூக்க முடியாது. ஆனா சவுண்டு இருக்கே, அடேயப்பா! வயலின் வச்சான்னா நாலு பேரு நின்னு வாசிக்கிற மாதிரி இருக்கும். குழு ஆரம்பிச்ச நாள்லருந்து மேடையில நான் வலது பக்கம், அவன் இடது பக்கம். நான் பாட்டை வாசிப்பேன், அவன் வயலினு, குழலுன்னு இடையில இடையில நெரப்பிக்கிட்டே வருவான்.

நான் இதை வாங்கிட்டு நேரா அவன்கிட்டப் போயி, கேபிளைக் காட்டி, "மாப்ள, இனிமே ஒனக்குச் சிரமமே இல்ல. ஒம் பொட்டியையும் நானே வாசிச்சுக்கிறேன்"னு சொன்னேன். சந்தோசமாத்தான் சொன்னேன். வேலையக் கொறைக்கிறேன்னு சொன்னா மனுசன் சந்தோசப்படணுமா இல்லையா? அவன் கேபிளைப் பாக்குறான், என்னையப் பாக்குறான். "அப்ப நான் எதுக்கு மாமா?"ங்கிறான். "நீ சும்மா நில்லு மாப்ள. பொட்டியப் பாத்துக்க"ன்னேன். இதுல என்னண்ணே தப்பு? நீங்களே சொல்லுங்க.

சன்னலைப் பாக்குறீங்க. சரி.

அன்னைக்கு நின்னதுதான் பேச்சு. இந்தச் சித்திரை, வைகாசி பூராவும் திருவிழா சீசன். கச்சேரிக்கு வந்துருவான். ஒத்துக்கிட்ட கச்சேரியை விட மாட்டான், அந்த விசயத்துல தங்கம். வருவான், பொட்டியை ஸ்டாண்டுல ஏத்துவான், கேபிளைச் சொருகுவான், பின்னாடி நின்னுக்குவான். எங்கிட்ட ஒரு வார்த்தை கெடையாது. ரிதம் பேடு வாசிக்கிற ஜெயசீலன்னு ஒருத்தரு எங்களுக்கு நடுவுல மாட்டிக்கிட்டாரு. அவரு பேடு வாசிச்சதைவிடத் தூது போனதுதான் அதிகம். "ஜெயசீலா, அவரைத் தள்ளி நிக்கச் சொல்லு, லைட்டு மறைக்குது"ம்பேன். காசிமாயன் கை நீட்டுனா தொடுற தூரத்துலதான் நிப்பான், நல்லாக் காது கேக்கும். இருந்தாலும் ஜெயசீலன் அந்தப் பக்கம் திரும்பி, "தள்ளி நிக்கணுமாம்"பாரு. அவன், "லைட்டைத் தள்ளி வைக்கச் சொல்லுங்க"ம்பான். ஜெயசீலன் எங்கிட்டத் திரும்பி, "லைட்டை"ன்னு ஆரம்பிப்பாரு. "கேட்டுச்சு, கேட்டுச்சு"ம்பேன் நான். ஒருநாள் ஜெயசீலன் தும்முனாரு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல, "என்னவாம்?"னு கேட்டோம்.

ஆனா இந்தப் பொட்டியைப் பத்தி ஒரு கொறை சொல்லக் கூடாதுண்ணே. சீசன் பூராவும் என்னா வேலை செஞ்சுச்சு! இதுல வரிசையா ரப்பர் பட்டன் இருக்கும். ஒண்ணை அமுக்குனா அங்க குழல், அடுத்ததை அமுக்குனா வயலின், இப்பிடி மாறுற மாதிரி கடைக்காரரு நம்பர் வச்சுக் குடுத்தாரு. நம்ம பொட்டி என்னடான்னா, நான் அமுக்க மறந்தாக்கூட மாறுது! ஆமாண்ணே. சரணம் வரப்போகுது, வயலினுக்கு மாத்தணும், நான் கூட்டத்தைப் பாத்துத் தலையாட்டுற ஜோருல மறந்துட்டேன்னு வைங்க. விரலை வச்சா வயலின்தான் வரும். அவ்வளவு புத்திசாலி. அதை விடுங்க, ஸ்கேலை, அதான் சுருதியைச் சொல்லணும். பாடகருக்கு ஒரு ஸ்கேலு, பாடகிக்கு ஒரு ஸ்கேலு, மாத்தி மாத்தி வைக்கணும். எனக்கு அது மட்டும் ஆரம்பத்துலருந்தே கொஞ்சம் தடுமாறும். எல்லாருக்கும் இருக்குறதுதான். இந்த சீசன்ல ஒரு தடவைகூடத் தடுமாறலை. நான் எங்க கையை வச்சாலும், பாடகி எந்த ஸ்கேல்ல நிக்கிதோ சத்தம் அங்க போயி நின்னுச்சு. கைதட்டுன்னா கைதட்டு. "சுருளி இப்பத்தான்டா வாசிக்கிறான்"னு ஊர்க்காரங்க பேசிக்கிட்டாங்க. என் காதுபடப் பேசுனாங்க.

என்ன கேட்டீங்க? அந்நேரம் காசிமாயன் கை எங்க இருந்துச்சா? நல்ல கேள்வி போங்க. சும்மாதான் நின்னான். கை அவன் பொட்டிமேல இருக்கும். அதுல சவுண்டு மாத்துற பட்டன் இருக்குற பக்கம். தூசி தட்டிக்கிட்டு இருந்திருப்பான். சுத்தம் பாக்குற ஆளு அவன், சட்டையில ஒரு சொட்டு டீ பட்டா அன்னைக்கு முழுக்க மூஞ்சியைத் தூக்கி வச்சிருப்பான். ஏண்ணே சிரிக்கிறீங்க? ஜெயசீலனும் இப்பிடித்தான், இதைச் சொன்னா குனிஞ்சுக்கிட்டுச் சிரிப்பாரு.

பஸ்ல வாழைப்பழ வாசனை அடிக்குது பாத்தீங்களா? யாரோ தாரோட ஏத்திருக்காங்க. இந்த நீளப் பைக்கு அத்தனை கேள்வி கேட்ட கண்டக்டர், பழத்தாரை விட்டுட்டாரு பாருங்க.

இதுல வீட்டுப் பாடு வேற. எனக்கு ஒரே மக. மகதின்னு பேரு. ராகத்தோட பேரு, நான்தான் வச்சேன். அடுத்த வாரம் அவளுக்குக் காதுகுத்து. நம்ம பக்கத்துக் காதுகுத்து உங்களுக்குத் தெரியும்ல, தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும். மொத வெத்தலையும் மாமனுக்குத்தான். புள்ளையோட அப்பன் நேர்ல போயி, தட்டுல வெத்தலை பாக்கு பழம் வச்சு நீட்டி, "மாப்ள, வந்து முன்ன நின்னு நடத்திக் குடு"ன்னு கூப்பிடணும். அதுக்குப் பெறகுதான் மத்த சொந்தக்காரங்களுக்குச் சொல்லலாம். கோயில்ல சொல்லியாச்சு, சமையலுக்குச் சொல்லியாச்சு, காது குத்துற ஆசாரிக்குச் சொல்லியாச்சு. மாமனுக்குச் சொல்லலை. அதனால சொந்தபந்தத்துல ஒருத்தருக்கும் சொல்லலை. எதுத்த வீட்டுக்காரரு, "என்னப்பா, விசேசமாமே?"ங்கிறாரு. "அப்பிடியா?"ன்னு கேட்டுட்டு வந்துட்டேன்.

என்னண்ணே செய்யிறது? பேச்சே இல்லாதவன் வாசல்ல போயி எப்பிடித் தட்டை நீட்டுறது? ஜெயசீலன்கிட்டக் குடுத்து விடுவமான்னு பாண்டிமீனாகிட்டக் கேட்டேன். அவ பாத்த பார்வையில எனக்குச் சோறு எறங்கலை. கம்பத்துல ஒண்ணுவிட்ட மச்சினன் ஒருத்தன் இருக்கான், அவன் மடியில வைப்போம்னேன். கரண்டியைக் கீழ வச்சுட்டு வந்தா. "எந்தம்பி மடி இல்லைன்னா எம் புள்ளைக்குக் காதே குத்த வேணாம். கம்மல் போடாமயே வளரட்டும். நீங்க அந்த ஊமைப் பொட்டியக் கட்டிக்கிட்டு அழுங்க"ன்னுட்டா. ஊமைப் பொட்டின்னு பேரு வச்சதே அவதான். இப்ப மகதியும், "அப்பா, ஊமப் பொத்தி"ங்குது. சொல்லிட்டு அதுமேல ஏறி உக்காந்துக்கிருது.

ஆண்டிபட்டியா இது? ஏறட்டும், ஏறட்டும். நீங்க நகராதீங்க.

இப்பக் கோளாறுக்கு வர்றேன். சீசனோட கடைசிக் கச்சேரி, சின்னமனூர் பக்கத்துல ஒரு அம்மன் கோயில். உசிலம்பட்டியிலருந்து வேன் வந்து நிக்குது. உள்ள ஜெயசீலன் இருக்காரு, கீபோர்டு இருக்கு, காசிமாயன் இல்ல. "மாமாவுக்கு எம் பொட்டிதான வேணும், அது வருது. நான் எதுக்கு?"ன்னு சொல்லி விட்டிருக்கான். "நல்லதாப் போச்சு, காலை நீட்டிக்கிட்டுப் போகலாம்"னு நான் ஏறி உக்காந்தேன். அப்பிடிச் சொன்னேனே தவிர, அந்தச் சீட்டுல காலை நீட்ட மனசு வரலை.

மொதப் பாட்டு சாமி பாட்டு. குழல்ல எடுக்கணும். பட்டனை அமுக்குறேன், கையை வைக்கிறேன், டெலிபோன் மணி அடிக்குது. சத்தியமாண்ணே! பழைய கீபோர்டுக்குள்ள அந்த மாதிரி சவுண்டெல்லாம் போட்டு வச்சிருப்பாங்க. முன்வரிசையில இருந்த விழாக் கமிட்டித் தலைவர் சட்டைப் பையிலருந்து போனை எடுத்து, "அலோ, அலோ"ங்கிறாரு. நான் பதறிப்போயி அடுத்த பட்டனை அமுக்குறேன். ஹெலிகாப்டர்! அம்புட்டுப் பெரிய ஸ்பீக்கர்ல ஹெலிகாப்டர் எப்பிடி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க. கூட்டம் மொத்தமும் வானத்தைப் பாக்குது. மந்திரி வர்றாருன்னு நெனச்சு ஒருத்தரு எந்திரிச்சு மடிச்சுக் கட்டுன வேட்டியை எறக்கி விட்டாரு. பூசாரி தீபாராதனைத் தட்டோட வெளிய ஓடி வந்துட்டாரு.

பாடகி பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு அதுபாட்டுக்குப் பாட ஆரம்பிச்சிருச்சு. அது ஒரு ஸ்கேலு, நான் ஒரு ஸ்கேலு. எதுத்தெதுத்த ரெண்டு கல்யாண வீட்டுல மைக் செட்டுப் போட்ட மாதிரி இருந்துச்சு. ஜெயசீலன் என்ன செஞ்சாரு, ஒரு கையில பேடு தட்டிக்கிட்டே மறு கையில காசிமாயனுக்குப் போனைப் போட்டு ஸ்பீக்கர்ல வச்சுட்டாரு. எனக்கு நல்லாவே கேட்டுச்சு. அவன் பதறவே இல்ல. "என் பொட்டியில சவுண்டு நம்பர் வேற வரிசைண்ணே, மாமா குழலுன்னு அமுக்குனா அதுல டெலிபோன்தான் வரும். நீங்க பொட்டியில வலது ஓரத்துல மேல் பட்டனை அமுக்குங்க, குழல் வந்துரும். பாடகி பாடும்போது அதுக்குக் கீழ இருக்குறதை அமுக்கிருங்க. மாமா ஸ்கேலு மாத்த மறந்துருவாரு. சரணத்துக்கு முன்னாடி வயலினு. அதையும் மறந்துருவாரு, நீங்க பாத்துக்கங்க"ங்கிறான். ஜெயசீலன் அமுக்குனாரு. எல்லாம் சரியாயிருச்சு. கச்சேரி ஒரு வழியா முடிஞ்சுச்சு.

இப்ப யோசிங்கண்ணே. உசிலம்பட்டியில வீட்டுல உக்காந்திருக்குறவனுக்கு எப்பிடித் தெரியும்? எந்தப் பட்டன்ல கோளாறு வரும், எந்த எடத்துல வரும், அத்தனையும் தெரிஞ்சிருக்கு! அவன் பக்கத்துல நின்னா ஒழுங்கா வேலை செய்யுது, அவன் இல்லைன்னா ஹெலிகாப்டர் விடுது. அப்ப அவன்தான என்னமோ செஞ்சு வச்சிருக்கணும்? ஜெயசீலன்கிட்ட இதைச் சொன்னேன். அவரு என் தோளைத் தட்டி, "மாஸ்டர், நீங்க போயி ரெஸ்ட் எடுங்க"ன்னாரு. நான் விடுறதா இல்ல. அதான் மதுரையில வாங்குன கடைக்கே கொண்டுபோறேன். பிரிச்சுப் பாத்துச் சொல்லட்டும்.

கச்சேரி முடிஞ்சதும் வேன் அந்தக் கீபோர்டை ஏத்திக்கிட்டு உசிலம்பட்டிக்குப் போயிருச்சு. நான் இதைத் தோள்ல போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்னையிலருந்து வீட்டுல என்ன வாசிச்சாலும் டக்கு டக்குன்னு பிளாஸ்டிக் சத்தம்தான். முன்னாடியெல்லாம் சாயங்காலமானா அவன் போன் போடுவான். "மாமா, அந்தச் சரணத்துல வயலினை இப்பிடி எறக்குனா எப்பிடி இருக்கும்?"னு வாயாலயே வாசிப்பான். நானும் வாயால பதில் வாசிப்பேன். "ரெண்டுக்கும் கிறுக்கு முத்திருச்சு"ம்பா பாண்டிமீனா. இப்பச் சாயங்காலம் போன் அடிச்சா ஏதோ கம்பெனிக்காரன் பேசுறான். மறைக்கிறதுல என்ன இருக்கு, எனக்கு அவன் இல்லாதது கஷ்டமாத்தாண்ணே இருக்கு. ஆனா மொத வார்த்தை அவன்தான் பேசணும். வயசுல சின்னவன்ல?

காலையில ஒரு அதிசயம் நடந்துச்சு. இந்தப் பையைத் தொடவே தொடாத பாண்டிமீனா, இன்னைக்கு அவளே எடுத்துக் கட்டிக் குடுத்தா. "எங்க கொண்டுபோனா சரியாகுமோ அங்க கொண்டுபோங்க"ன்னா. "மதுரைக்குத்தான்"னேன். "ம்"முன்னா. புதுச் சட்டை எடுத்து வச்சிருக்கா. ரிப்பேர் கடைக்கு எதுக்குடி புதுச் சட்டைன்னு கேட்டா, "போட்டுட்டுத்தான் போங்களேன்"னு சிரிக்கிறா. மனசு மாறிட்டா, கம்பத்து மச்சினனுக்குச் சம்மதிச்சுட்டான்னு நெனச்சுக்கிட்டேன்.

கணவாய் எறங்கிட்டமா? இனி உசிலம்பட்டிதான். அந்தக் கேபிளைப் பாக்கணுமா? தாராளமா. சொன்னா வெளங்காது, பாத்தாத்தான் வெளங்கும். இந்த சைடு ஜிப்புலதான் வச்சிருப்பேன். கொஞ்சம் அந்த முனையைப் பிடிங்க. என்னது இது, மெத்துன்னு இருக்கு?

பழம். ஒரு சீப்பு வாழைப்பழம்ண்ணே. அப்ப இவ்வளவு நேரம் வாசனை நம்ம பையிலருந்துதானா? கண்டக்டரைப் போயி வைதேனே. இது வெத்தலை. ஈரத்துணியில சுத்தி வச்சிருக்கா, வாடாம. பாக்கு, மஞ்ச, குங்குமம். அடிப்பாவி, தட்டுகூட வச்சிருக்காளே! கேபிளைக் காணோம். இருங்க, கேபிள் எங்க? அன்னைக்கு மேடையில நான் இந்தப் பக்கத்து முனையை மட்டும்தான் உருவுனேன். மறுமுனை அவன் பொட்டியிலயே சொருகிக் கெடக்கு. அவன் வீட்டுல கெடக்கு. கேபிள் இல்லாமயா நான் ரிப்பேருக்குக் கெளம்பிருக்கேன்? அதை எனக்குச் சொல்லாம அவ புதுச் சட்டை குடுத்து அனுப்பிருக்காளே!

சிரிங்க, சிரிங்க. நல்லாச் சிரிங்க.

அண்ணே, நீங்க அப்பக் கேட்டீங்களே, அவன் கை எங்க இருந்துச்சுன்னு. அது தூசி தட்டலை போல.

சீசன் பூராவும் நின்னிருக்கான்ண்ணே. பாட்டுக்குப் பாட்டு, சரணத்துக்குச் சரணம். எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலை, ஆனா ஒரு எடத்துலகூட என்னைய விட்டுக் குடுக்கலை. நான் கைதட்டு வாங்கிக்கிட்டுக் கும்பிடு போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்.

அதுக்காக நான் எறங்கிப் போறேன்னு நெனச்சுராதீங்க. கேபிள் வாங்கணும்ல? கேபிள் இல்லாம கடைக்காரன் எதை வச்சுப் பாப்பான்? வெத்தலையும் மதுரை போயித் திரும்புறதுக்குள்ள வாடிரும். கண்டக்டரே! உசிலம்பட்டி எறக்கம்! ஆமாங்க, மதுரை டிக்கெட்டுதான், எனக்கும் தெரியுது. துணி தேய்க்கிற பலகை இங்கயே எறங்குதுங்க!

உங்களையும் காதுகுத்துக்குக் கூப்பிடணும்னு வாய் வரைக்கும் வருது. ஆனா மொத வெத்தலை அவனுக்கு. உங்க நம்பரை இந்தக் கையில எழுதுங்க. அவன் தட்டை வாங்குன மறு நிமிசம் அடுத்த அழைப்பு உங்களுக்குத்தான், குடும்பத்தோட வந்துரணும்.

கதவைத் தெறந்ததும் மொத வார்த்தை என்ன சொல்லலாம்? யோசிச்சுட்டேன். "மாப்ள, பொட்டியில சத்தம் வரலை. நீ பக்கத்துல நின்னாத்தான் வருது"ன்னு சொல்லப் போறேன். அதுல பொய் ஒண்ணும் இல்லையேண்ணே?